அமைதியில் 92 சதவீதம், கூட்டத்தில் பாதிகூட இல்லை: இம்ப்ளாண்ட் சோதனை எண்களைப் படிப்பது எப்படி?

கேள்வி: காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்செவிக்குள் வைத்துக் கேட்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) பொருத்தி ஒரு வருடம் ஆகிறது. சோதனை அறையில் வாக்கியங்களில் 92 சதவீதம் வாங்குகிறேன். ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) நல்ல முன்னேற்றம் என்கிறார். ஆனால் நாலு பேர் பேசும் இடத்தில் பாதிகூடப் புரிவதில்லை. கோளாறு சோதனையிலா, கருவியிலா, என்னிடமா? இரைச்சலில் எப்படிச் சோதிக்க வேண்டும்?

பதில்:

மூன்றில் எதிலும் கோளாறு இல்லாமலே இப்படி நடக்கும். அந்த 92, ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கான எண். ஓசை புகாத அறை, எதிரே ஒரு ஸ்பீக்கர், நிதானமாகப் பேசும் குரல், எளிய வாக்கியம். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் எண் மாறிவிடும். யாராவது வெறும் சதவீதத்தை மட்டும் சொன்னால், எந்த வாக்கியங்கள், எவ்வளவு இரைச்சல், அது எந்தப் பக்கமிருந்து வந்தது, இன்னொரு காதில் என்ன இருந்தது என்று கேட்காமல் நான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

இரைச்சல் ஏன் இம்ப்ளாண்டை இப்படித் தடுமாற வைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இயல்பான உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் உள் மயிர்ச்செல்கள் சுமார் 3,500 உண்டு. இம்ப்ளாண்டில் இருப்பவை, தயாரிப்பைப் பொறுத்து, 12 முதல் 22 எலக்ட்ரோடுகள், அதாவது மின்முனைகள். அவையும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. உட்செவியின் திரவத்தில் மின்சாரம் பரவுவதால் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் ஏறத்தாழ ஒரே நரம்புக் கூட்டத்தைத்தான் தூண்டுகின்றன. ஃப்ரீசன், ஷானன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், எலக்ட்ரோடுகளைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனபோது, இம்ப்ளாண்ட் பயனாளர்களின் புரிதல் ஏழெட்டோடு நின்றுவிட்டது. இயல்பான காது உள்ளவர்களுக்கு அதேபோல் அலைவரிசை வாரியாகப் பட்டை பட்டையாகப் பிரித்த ஒலியைக் கொடுத்தபோது, இரைச்சலில் அவர்களின் புரிதல் 20 பட்டைகள் வரை ஏறிக்கொண்டே போனது.

அமைதியில் இந்த ஏழெட்டு தாராளம். ஷானன் 1995இல் காட்டியதுபோல, நாலே பட்டைகள் இருந்தாலும் கொஞ்சம் பழகியபின் வாக்கியங்கள் கிட்டத்தட்ட முழுதாகப் புரிந்துவிடும். உங்கள் 92 வருவது இதனால்தான். இரைச்சல் வந்ததும் கணக்கு மாறுகிறது. பேச்சும் இரைச்சலும் அதே சில பட்டைகளுக்குள் கலந்து விழும்போது எது எதனுடையது என்று மூளையால் பிரிக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, ஒரு குரலின் சுருதி இம்ப்ளாண்ட் வழியாக மிக மங்கலாகத்தான் போகிறது. ஒரு ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பேசினால் சுருதி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரைப் பின்தொடர்வது மற்றவர்களுக்குச் சுலபம். உங்களுக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

அமைதிச் சோதனை இதை மறைத்துவிடும் என்பது துறைக்குத் தெரியாத விஷயமல்ல. ஹிண்ட் என்ற ஆங்கில வாக்கியத் தொகுப்பு 1994இல் வந்தது. அதை அமைதியில் போட்டுப் பார்த்தபோது கால்வாசிக்கும் மேற்பட்ட பயனாளர்கள் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார்கள் என்று 2008இல் கிஃபோர்டும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். எல்லோரும் உச்சத்தைத் தொட்டுவிட்டால் யாருக்கு என்ன குறை என்று எப்படித் தெரியும்? அதற்குப் பின் 2011இல் அமெரிக்காவில் வந்த குறைந்தபட்சச் சோதனைத் தொகுப்பு ஹிண்டைக் கைவிட்டது. பல குரல்களில் சாதாரண வேகத்தில் பேசப்பட்ட, முன்னுக்குப் பின் ஊகிக்கக் கடினமான அஸ்பயோ வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, கூடவே இரைச்சல் சோதனையையும் சேர்த்தது. ஒலி அளவும் முன்பிருந்த 70 டெசிபலிலிருந்து 60க்கு இறங்கியது. சாதாரணமாக ஒருவர் பேசும் அளவு அதுதான்.

சரி, இரைச்சலில் எப்படிச் சோதிக்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே அளவு: பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் மேலே நிற்கிறது என்பது. இதை எஸ்.என்.ஆர். என்பார்கள். பேச்சு 65, இரைச்சல் 55 என்றால் +10. இரண்டும் சமம் என்றால் 0. இரைச்சல் மேலே போனால் மைனஸ். டெசிபல் மடங்குக் கணக்கு என்பதால் +10 என்றால் பேச்சின் ஆற்றல் பத்து மடங்கு, +3 என்றால் இரண்டு மடங்கு.

இதை வைத்துக்கொண்டு இரண்டு வழிகளில் சோதிக்கலாம்.

முதல் வழியில் எஸ்.என்.ஆரை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு எத்தனை சதவீதச் சொற்கள் சரி என்று எண்ணுவார்கள். பெரும்பாலும் +10 அல்லது +5. செய்வது சுலபம், நோயாளிக்குப் புரியவைப்பதும் சுலபம். ஆனால் எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல். +10இல் ஒருவர் 95 வாங்கிவிடுவார், இன்னொருவர் 5 வாங்குவார். இரண்டு எண்களுமே பயனற்றவை. மேலேயோ கீழேயோ நகர இடமில்லை என்பதால் அடுத்த வருடம் முன்னேற்றமா பின்னடைவா என்று தெரியாது. ஆகவே, 30க்கும் 70க்கும் நடுவில் மதிப்பெண் விழும்படி அளவைத் தேர்வதும், அடுத்தடுத்த முறை அதே அளவில் திரும்பச் செய்வதும் நல்லது.

இரண்டாவது வழியில் எஸ்.என்.ஆர். நகரும். வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் அடுத்தது 2 டெசிபல் கடினமாகும், தவறினால் 2 டெசிபல் சுலபமாகும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு புள்ளியைச் சுற்றி ஊசலாட ஆரம்பிக்கும். பாதி புரியும், பாதி புரியாது என்ற அந்த இடம்தான் முடிவு. அதைப் 'பாதி புரியும் அளவு' என்று வைத்துக்கொள்வோம். எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இதில் உச்சம் தொடுவது, அடியில் கிடப்பது என்ற பிரச்சினை இல்லை. என் விருப்பம் இந்த வழிதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. அமைதியிலேயே 40 சதவீதம்தான் வாங்குபவருக்கு இரைச்சலை எவ்வளவு குறைத்தாலும் பாதி புரியும் இடம் என்று ஒன்று வரவே வராது. சோதனை +20, +30 என்று ஏறிக்கொண்டே போய் அர்த்தமில்லாத ஓர் எண்ணில் நிற்கும். அவர்களுக்கு முதல் வழிதான் சரி, அல்லது இலக்கங்கள் போன்ற சுலபமான பொருளை எடுக்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. பி.கே.பி.-சின் என்ற சோதனையில் பட்டியலின் முதல் வாக்கியம் +21இல் தொடங்கி, ஒவ்வொன்றும் 3 டெசிபல் கடினமாகி, பத்தாவது வாக்கியம் மைனஸ் 6இல் முடியும். எத்தனை சொல் சரி என்பதிலிருந்து பாதி புரியும் அளவைக் கணக்கிட்டுவிடலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும், சிறுவர்களுக்கும் ஒத்துவரும். க்விக்சின் இதே பாணிதான், +25இலிருந்து 0 வரை 5 டெசிபல் படிகள். அதன் வாக்கியங்கள் கடினமானவை என்பதால் பல இம்ப்ளாண்ட் பயனாளர்கள் நடுவழியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

பாதி புரியும் அளவில் ஒரு டெசிபல் மாற்றம் அற்பமாகத் தெரியும். அப்படியல்ல. பாதி புரியும் அந்த இடத்தில் இயல்பான காதுக்கு ஒரு டெசிபல் என்பது வாக்கிய மதிப்பெண்ணில் 10 முதல் 20 சதவீதம் வரை. இம்ப்ளாண்டில் ஏற்றம் இவ்வளவு செங்குத்து அல்ல, ஆனாலும் 2, 3 டெசிபல் கிடைத்தால் அன்றாட வாழ்க்கையில் நன்றாகவே உணர்வீர்கள்.

எந்தச் சொற்களைக் கேட்கவைக்கிறோம் என்பது அடுத்தது. வாக்கியம் என்றால் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். "குடையை எடுத்துக்கொள், வெளியே..." என்று கேட்டாலே கடைசிச் சொல் மழையைப் பற்றியது என்று தெரிந்துவிடும். அது மோசடியல்ல, வாழ்க்கையில் நாம் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் காதுக்கு எவ்வளவு, மொழித் திறமைக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிறவியிலேயே கேளாமல் இருந்து தாமதமாக இம்ப்ளாண்ட் பெற்றவருக்கு வாக்கியச் சோதனை பாதகமாக அமைவது இதனால்தான். தனிச் சொற்கள் இதற்கு நேர் எதிர். பட்டு, கட்டு, தட்டு: இந்த மூன்றுக்கும் வித்தியாசம் முதல் எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்பது மட்டுமே. இம்ப்ளாண்டில் முதலில் தொலைவது அதுதான், இரைச்சலில் இன்னும் வேகமாகத் தொலையும். பல்–பால் போன்ற குறில் நெடில் வித்தியாசம் கால அளவைச் சார்ந்தது, அதனால் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒருவர் எந்தச் சொல்லை எதுவாகக் கேட்டார் என்று எழுதிவைத்தால், சதவீதத்தைவிட அந்தத் தாள் மேப்பிங் (எலக்ட்ரோடுகளின் மின்னளவை ஆளுக்கேற்ப அமைப்பது) செய்பவருக்கு அதிகம் உதவும். பல இடங்களில் சரி, தவறு என்று மட்டும் குறித்துவிட்டு அதை வீணாக்குகிறார்கள்.

மேட்ரிக்ஸ் வகை வாக்கியங்கள் இன்னொரு தீர்வு. ஸ்வீடனில் ஹாகர்மன் 1982இல் தொடங்கிவைத்த யோசனை. பெயர், வினை, எண், பெயரடை, பொருள் என்று ஐந்து இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துச் சொற்கள். கலைத்துப் போட்டால் ஒரு லட்சம் வாக்கியங்கள் வரும். இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் அடுத்த சொல்லை ஊகிக்க முடியாது, மனப்பாடமும் ஆகாது. அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஒரே நிபந்தனை, முதல் ஒன்றிரண்டு பட்டியல்களில் பழக்கத்தாலேயே எண் முன்னேறும், அவற்றைப் பயிற்சியாக விட்டுவிட்டுத்தான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். மூன்று இலக்கங்களை இரைச்சலில் சொல்லித் திருப்பிக் கேட்கும் சோதனை இன்னும் எளிது. வீட்டிலிருந்தே செய்யலாம், மொழியறிவு அதிகம் தேவையில்லை. ஆனால் "மூணு, ஏழு, அஞ்சு" புரிவது உரையாடல் புரிவதாகாது.

இதையெல்லாம் சோதிக்கப்படுபவரின் மொழியிலேயே செய்ய வேண்டும். ஆங்கிலச் சோதனையின் இயல்பு எல்லைகளை எடுத்துத் தமிழ் வாக்கியங்களுக்குப் பொருத்துவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு மொழியிலும் வாக்கியங்களைப் பதிவு செய்து, எல்லாப் பட்டியல்களும் ஒரே கடினம்தானா என்று இயல்பாகக் கேட்பவர்களிடம் சரிபார்த்த பிறகே எண்கள் பேசும். தமிழில் கூடுதலாக ஒரு தலைவலி, வேற்றுமை உருபுகள். "வீட்டுக்கு" என்பதை "வீட்டில்" என்று திருப்பிச் சொன்னால் முழுத் தவறா, பாதிச் சரியா? எந்த விதி என்பது பெரிதல்ல, போன வருடமும் இந்த வருடமும் ஒரே விதியா என்பதுதான் முக்கியம். ல, ள, ழ மூன்றையும் ஒன்றுபோல் உச்சரிப்பவர் அப்படியே திருப்பிச் சொன்னால் அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது, அது காதின் குறையல்ல.

இரைச்சலிலும் வகை உண்டு. பேச்சின் அலைவரிசைக்கு ஏற்ப வடிவமைத்த ஒரே சீரான 'ஷ்ஷ்' இரைச்சல், பல குரல்கள் கலந்த சந்தடி, ஒரே ஒருவரின் போட்டிப் பேச்சு. இயல்பாகக் கேட்பவர்களுக்குச் சீரான இரைச்சலைவிட ஏறி இறங்கும் இரைச்சல் சுலபம். அது தாழும் நொடிகளில் எட்டிப் பார்த்துச் சொற்களைப் பிடித்துவிடுவார்கள். இம்ப்ளாண்ட் பயனாளர்களுக்கு இந்த இடைவெளிகளால் அநேகமாக லாபமே இல்லை, சிலருக்கு ஏறி இறங்கும் இரைச்சல் இன்னும் கடினம். நீங்கள் சொல்லும் நாலு பேர் பேச்சு இந்த ரகம். சீரான இரைச்சலில் மட்டும் சோதித்துவிட்டு "அவ்வளவு மோசமில்லையே" என்று யாராவது சொன்னால் அது உங்கள் கேள்விக்கான பதிலல்ல.

இனி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது. பேச்சும் இரைச்சலும் எதிரே ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருவது வழக்கமான ஏற்பாடு. எங்கே செய்தாலும் ஒரே மாதிரி வரும் என்பதால் வருடத்துக்கு வருடம் ஒப்பிட அது நல்லது. ஆனால் ப்ராசஸரில் (இம்ப்ளாண்டின் வெளியே மாட்டும் பகுதி) இருக்கும் திசை மைக் வேலை செய்கிறதா என்று அதில் பார்க்கவே முடியாது. திசை மைக், முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்திலும் பின்னாலும் இருப்பதைக் குறைக்கும். இரண்டும் முன்னாலிருந்தே வந்தால் எதைக் குறைக்கும்? அதைச் சோதிக்க இரைச்சல் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்க வேண்டும், அப்போது சில டெசிபல் லாபம் தெரியும். அதேபோல், ஒரு காதில் மட்டும் இம்ப்ளாண்ட் இருப்பவருக்கு இரைச்சல் எந்தப் பக்கம் என்பது முடிவையே புரட்டிப் போடும். தலையே ஒரு தடுப்பு. இரைச்சல் மறுபக்கம் இருந்தால் தலை அதை மறைக்கும், இம்ப்ளாண்ட் பக்கமே இருந்தால் பேச்சு மூழ்கும். இரண்டாவது காதுக்கும் இம்ப்ளாண்ட் வைப்பதன் பெரிய லாபம் இங்கேதான். எந்தப் பக்கம் இரைச்சல் வந்தாலும் ஒரு காது நிழலில் இருக்கும். மறுகாதில் காது மெஷின் போடுபவர்களுக்கு வேறொரு லாபம்: இம்ப்ளாண்ட் தராத சுருதியை, தாழ்ந்த அலைவரிசை மிச்சமிருந்தால், மெஷின் தரும். ஆகவே இம்ப்ளாண்ட் மட்டும், மெஷின் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மறுகாது ஓரளவு கேட்கும் என்றால், இம்ப்ளாண்டை மட்டும் சோதிக்கும்போது அதை அடைப்பானும் மேலே மூடியும் போட்டு அடைக்காவிட்டால் மதிப்பெண் யாருடையது என்றே சொல்ல முடியாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த குரல்தான் வேண்டும். ஆடியாலஜிஸ்ட் நேரில் வாசித்தால் தன்னையறியாமல் நிதானித்து, தெளிவாக்கிச் சொல்வார், மதிப்பெண் ஏறும். அவர் வாய் தெரியக் கூடாது. வாக்கியத்துக்குச் சற்று முன்பே இரைச்சல் தொடங்க வேண்டும், ஏனென்றால் ப்ராசஸரின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடும் இரைச்சல் குறைப்பும் நிலைகொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். மைக் மூடி பழையதா, பேட்டரி எப்படி என்று சோதனைக்கு முன் பார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் அடைத்துக்கொண்ட மைக் மூடி ஒரு வருட மேப்பிங் உழைப்பைத் தின்றுவிடும்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது பிழை எல்லையை. போன முறை 50, இந்த முறை 60, ஆகவே புது மேப் நல்லது என்று முடிவுகட்டுவதை அடிக்கடி பார்க்கலாம். தார்ன்டன், ராஃபின் இருவரும் 1978இலேயே கணக்குப் போட்டுவைத்திருக்கிறார்கள். 50 சொற்களில் 50 சதவீதம் வாங்கியவர், எதுவுமே மாறாமல் மறுபடி எழுதினாலும் 32இலிருந்து 68 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். 90 வாங்கியவருக்கு எல்லை குறுகும், அப்போதும் 76 முதல் 98 வரை. 25 சொற்களோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் மோசம். 50, 60 ஆனது முன்னேற்றமாகவும் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒரு பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிலைமைக்கும் குறைந்தது இரண்டு பட்டியல்கள் போட்டுச் சராசரி எடுப்பதும், ஒருமுறை கேட்ட பட்டியலைச் சீக்கிரம் திரும்பப் போடாமல் இருப்பதும் இதற்காகத்தான். நேரமில்லை என்பார்கள். நேரமில்லையென்றால் நிலைமைகளைக் குறைக்கலாம், பட்டியல்களைக் குறைக்கக் கூடாது.

சோதனை அறை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் சிலது அதில் பிடிபடாது. எதிரொலிக்கும் கூடம் ஒன்று. இம்ப்ளாண்டுக்கு எதிரொலி இரைச்சலைப் போலவே எதிரி, சோதனை அறையில் அது இல்லை. இன்னொன்று அசதி. இரண்டு பேர் 70 வாங்கலாம், ஒருவர் சாதாரணமாக, மற்றவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. ஆய்வுக்கூடங்களில் கண்மணி விரிவதை அளந்து இதைக் கணிக்கிறார்கள். மருத்துவமனையில் அதற்கு வழியில்லை, அதனால் கேள்வித்தாள். கேட்ஹவுஸ், நோபிள் இருவரும் 2004இல் வெளியிட்ட எஸ்.எஸ்.க்யூ. கேள்வித்தாளில் பேச்சு, திசையறிதல், ஒலித் தரம் என்று மூன்று பகுதிகள் உண்டு. மதிப்பெண் நன்றாக இருந்து கேள்வித்தாள் மோசமாக வந்தால், நான் கேள்வித்தாளைத்தான் முதலில் நம்புவேன்.

இப்போது உங்கள் விஷயம். அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள்: பல குரல் சந்தடியில், பேச்சு 60 அல்லது 65 டெசிபலில், நீங்கள் தினமும் பயன்படுத்தும் அதே செட்டிங்கில், பேச்சும் இரைச்சலும் முன்னாலிருந்து வரும்படி ஒரு பாதி புரியும் அளவு. அப்புறம் இரைச்சலை மட்டும் இம்ப்ளாண்ட் பக்கம் மாற்றி ஒன்று, அதே ஏற்பாட்டில் திசை மைக்கைப் போட்டு ஒன்று. இரண்டாவதும் மூன்றாவதும் நன்றாகவே வேறுபட்டால் உங்களுக்குத் தேவைப்படுவது புது மேப் அல்ல, அந்த மைக் நிரலைக் கூட்டமான இடங்களில் பயன்படுத்தும் பழக்கமும், எங்கே உட்கார்வது என்ற தேர்வும். மூன்றும் ஒரே மாதிரி மோசமாக வந்தால் மேப்பையும் எலக்ட்ரோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மறுகாதில் கொஞ்சமாவது கேட்கும் சக்தி இருந்து அதை மெஷின் இல்லாமல் சும்மா விட்டிருந்தால், மேப்பைத் தொடுவதற்கு முன் அதைப் பேசுங்கள். கூட்டத்தில் ஒருவர் பேச்சுதான் முக்கியம் என்றால், அவர் சட்டையில் மாட்டும் ரிமோட் மைக்கையும் இரைச்சலில் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். வாயருகே இருக்கும் மைக் தரும் லாபம் ப்ராசஸருக்குள் செய்யும் எந்த மாற்றத்தையும்விடப் பெரிதாக இருப்பது வழக்கம், வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.